பருப்பும் ரொட்டியும்

பருப்பும் ரொட்டியும் (தால் ரொட்டி) என்பது பஞ்சாப் மாநில மக்களின் அன்றாட உணவு ஆகும். வேகவைத்துத் தாளித்த பருப்பும், முழுக் கோதுமை மாவில் செய்த புளிக்காத தட்டை ரொட்டியும் சேர்ந்ததே இவ்வுணவு. வட இந்தியாவின் பெரும்பகுதியில் "தால் ரொட்டி" என்னும் சொல் பிழைப்பு, வயிற்றுப்பாடு என்ற பொருளிலும் வழங்குகிறது. தமிழகத்தில் "கஞ்சிக்கு வழி" என்று சொல்வதற்கு இது ஒப்பானது.

தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதியில் இவ்வுணவு நெடுஞ்சாலை உணவகங்களிலும் வீடுகளிலும் பரவலாகச் சமைக்கப்படுகிறது. எனினும் நிலத்தடி நீரின் கடினத்தன்மை, கோடை வெப்பம், தோசைக்கல்லின் பயன்பாடு ஆகிய காரணங்களால் இங்கு சமைக்கும் முறையில் சில மாற்றங்கள் தேவைப்படுகின்றன.

பெயர்

"தால்" என்னும் சொல் பிளத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. உடைத்த பருப்பு, முழுப் பயறு, அவற்றைக் கொண்டு சமைத்த குழம்பு ஆகிய மூன்றையும் இச்சொல் குறிக்கும். தோலுடன் கூடிய முழுப் பயறு "சாபுத்" எனவும், தோலுடன் உடைத்தது "சில்கா" எனவும், தோல் நீக்கியது "துலி" எனவும் அழைக்கப்படும்.

பஞ்சாபியர் கறுப்பு உளுந்தில் செய்யும் குழம்பு "மா கி தால்" எனப்படும். இதற்கு "அம்மாவின் பருப்பு" என்று பொருள் கூறுவதுண்டு. ஆனால் இங்குள்ள "மா" என்பது உளுந்தைக் குறிக்கும் "மாஷ" என்னும் வடசொல்லின் திரிபு ஆகும்.

ரொட்டிகளில், கல்லில் சுட்டு எண்ணெய் தடவுவது பொதுவாகச் சப்பாத்தி எனப்படும். எண்ணெயின்றிச் சுட்டு நெருப்பில் காட்டி உப்ப வைப்பது புல்கா எனப்படும். தந்தூர் என்னும் மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவது தந்தூரி ரொட்டி ஆகும். மக்காச்சோள மாவில் செய்வது மக்கி ரொட்டி. கடலை மாவு கலந்து செய்வது மிஸ்ஸி ரொட்டி.

பஞ்சாபில்

பஞ்சாபின் கிராமங்களில் பல வீட்டாரும் பொதுவாகப் பயன்படுத்தும் தந்தூர் அடுப்பு இருந்தது. ஒவ்வொரு வீட்டினரும் பிசைந்த மாவைக் கொண்டு வந்து அங்கு சுட்டுச் செல்வர். இது "சாஞ்சா சுல்ஹா", அதாவது கூட்டு அடுப்பு எனப்பட்டது.

சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக் (1469–1539) காலத்திலிருந்து குருத்துவாராக்களில் "லங்கர்" என்னும் பொதுச் சமையற்கூடம் நடைபெற்று வருகிறது. சாதி, சமயம், செல்வ நிலை பாராமல் அனைவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பதே இதன் அடிப்படை. லங்கரில் நாள்தோறும் பரிமாறப்படுவது பெரும்பாலும் பருப்பும் ரொட்டியுமே. அமிர்தசரசு பொற்கோயிலின் லங்கர் உலகின் மிகப் பெரிய இலவச உணவுக் கூடங்களுள் ஒன்றாகும்.

உணவகங்களில் கிடைக்கும் "தால் மக்கனி", முழு உளுந்துடன் தக்காளி, வெண்ணெய், பாலேடு சேர்த்துச் செய்வது. 1947 பிரிவினைக்குப் பின் பெசாவரிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மகால் உணவகத்துடன் இது தொடர்புபடுத்தப்படுகிறது. இதனை உருவாக்கியவர் குந்தன் லால் குஜ்ராலா, குந்தன் லால் ஜக்கியா என்பது குறித்து இரு தரப்பு வழியினரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இது தொடர்பாக 2024 ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வீடுகளில் அன்றாடம் சமைக்கும் பருப்பில் இந்த அளவுக்கு வெண்ணெயோ பாலேடோ சேர்ப்பதில்லை.

தமிழகத்தில் கோதுமை

தமிழகம் கோதுமையை அறியாத நாடன்று. நீலகிரி, கோவைப் பகுதிகளில் சம்பா கோதுமை சிறிய அளவில் பயிரிடப்பட்டு வந்தது. ஆயினும் அது ரவையாகவும் கஞ்சியாகவுமே பெரிதும் உண்ணப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசியின் வரவு நின்றது. அப்போது நடைமுறைக்கு வந்த பங்கீட்டு முறையில் அரிசிக்கு மாற்றாகக் கோதுமை வழங்கப்பட்டது. அதன் பின்னரே சப்பாத்தி தமிழ் வீடுகளில் மெல்ல இடம்பெறத் தொடங்கியது.

பஞ்சாபின் கோதுமை வளத்திற்கும் தமிழகத்திற்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1960களில் நாட்டில் கடும் உணவுப் பற்றாக்குறை நிலவியபோது நடுவண் உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சி அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் மா. சா. சுவாமிநாதன், நார்மன் போர்லாக் உருவாக்கிய மெக்சிகோ நாட்டுக் குட்டை ரகக் கோதுமைகளை இந்தியாவில் ஆய்வு செய்து பரப்பினார். 1966 இல் சுமார் 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதி செய்யப்பட்டது. அவ்விதைகள் பஞ்சாப், அரியானா வயல்களில் விளைந்து பசுமைப் புரட்சிக்கு வித்திட்டன. இன்று தமிழகத்தில் விற்கப்படும் கோதுமை மாவு வட இந்திய வயல்களில் விளைந்த கோதுமையிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில்

நாமக்கல் மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் மிகுதி. திருச்செங்கோட்டைச் சேர்ந்த ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை சென்று வேலை செய்கின்றன. சமையல் எரிவாயுவை ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரிகளிலும் கணிசமானவை நாமக்கல்லைச் சேர்ந்தவை.

இவ்வூர்களின் வழியாகவோ அருகிலோ செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 (முன்னர் 7 என்னும் எண் பெற்றிருந்தது) காசுமீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. தருமபுரி, ஓமலூர், சேலம், இராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் கரூர் செல்லும் இச்சாலையில் வட இந்திய ஓட்டுநர்களுக்காகத் தாபாக்கள் எனப்படும் சாலையோர உணவகங்கள் உள்ளன. மறுபுறம், வாரக்கணக்கில் வடக்கே செல்லும் இப்பகுதி ஓட்டுநர்கள் தாபாக்களில் பருப்பும் ரொட்டியும் உண்டு பழகியவர்கள். இவ்வாறு நூல்களாலன்றிச் சாலை வழியாகவும் இவ்வுணவு இப்பகுதிக்கு அறிமுகமானது.

இச்சமையலுக்கு வேண்டிய பொருட்கள் பலவும் இப்பகுதியிலேயே கிடைக்கின்றன. இராசிபுரம் நெய்க்கும், நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்கும், தலைவாசல் சந்தை தக்காளி முதலிய காய்கறிகளுக்கும் பெயர் பெற்றவை. பஞ்சாபியர் ரொட்டியை நெய்யுடனும் வெல்லத்துடனும் உண்பது வழக்கம். பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் வட்டாரங்களில் கரும்பு வெல்லம் காய்ச்சப்படுகிறது.

பருப்பு வகைகள்

* துவரம் பருப்பு: தமிழகத்தில் சாம்பாருக்குப் பயன்படுவது. எளிய மஞ்சள் தாலுக்கு ஏற்றது.
* பாசிப்பருப்பு: விரைவில் வேகும்; எளிதில் செரிக்கும். ஊற வைக்கத் தேவையில்லை.
* மைசூர்ப் பருப்பு: வடக்கே "மசூர்" எனப்படும். 15 முதல் 20 நிமிடங்களில் திறந்த பாத்திரத்திலேயே வெந்துவிடும்.
* கடலைப்பருப்பு: மெதுவாக வேகும். ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும்.
* முழுக் கறுப்பு உளுந்து: இரவு முழுவதும் ஊற வேண்டும். குழைய வெந்தால் பாலேடு சேர்க்காமலே கெட்டியாக இருக்கும்.
* ராஜ்மா: சிறுநீரக வடிவிலான சிவப்பு அவரை விதை. இதனைச் சிலர் சிவப்புக் காராமணி என்பர். ஆனால் காராமணி வேறு இனம். சமைக்கும்போது தனிக் கவனம் தேவை (கீழே காண்க).

பருப்பு வேகாமல் இருப்பதன் காரணங்கள்

பருப்பின் உயிரணுக்களைப் பிணைத்து வைப்பது பெக்டின் என்னும் பொருள். சூடான நீரில் அது கரையும்போது பருப்பு குழைகிறது. பின்வரும் மூன்றும் அதைத் தடுக்கின்றன.

முதலாவது, கடின நீர். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினுடன் சேர்ந்து அதை இறுகச் செய்கின்றன. பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் படிவு சேருமானால் அந்நீர் கடினமானது என அறியலாம். காவிரிக் குடிநீரையோ, கொதிக்க வைத்துத் தெளிய விட்ட நீரையோ பயன்படுத்துவது தீர்வாகும். கொதிக்க வைப்பதால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே நீங்கும்.

இரண்டாவது, புளிப்பு. தக்காளி, புளி, எலுமிச்சை ஆகியவற்றைப் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். சாம்பாரில் பருப்பைத் தனியாக வேகவைப்பதன் காரணமும் இதுவே.

மூன்றாவது, பருப்பின் வயது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதங்கள் இருந்த பருப்பு எவ்வளவு வேகவைத்தாலும் விறைப்பாகவே இருக்கும்.

சமையல் சோடா ஒரு சிட்டிகை சேர்த்தால் பருப்பு விரைவில் வேகும். ஆனால் அது தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 ஐ அழிக்கும். ஆகவே அதனைத் தவிர்ப்பது நல்லது. அழுத்தச் சமையற்கலனில் நீரின் கொதிநிலை சுமார் 120 பாகை செல்சியசு வரை உயர்வதால் அதுவே சிறந்த வழி.

செய்முறை: மஞ்சள் தால்

நால்வருக்குத் தேவையானவை: துவரம் பருப்பு 150 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, நெய் 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு துண்டு, பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, பச்சை மிளகாய் 2, மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி, கொத்துமல்லி இலை, உப்பு.

1. பருப்புகளைக் கழுவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும்.
2. நான்கு குவளை நீரும் மஞ்சள் தூளும் சேர்த்து 4 விசில் வரும் வரை வேகவைத்து, ஆவி தானாக அடங்கிய பின் திறந்து உப்பிட்டு மத்தால் லேசாகக் கடைய வேண்டும்.
3. நெய்யைக் காய வைத்துச் சீரகத்தைப் பொரிய விட்டு, பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றை வரிசையாகச் சேர்த்துப் பொன்னிறமாக வதக்க வேண்டும்.
4. தக்காளியைச் சேர்த்து நெய் பிரியும் வரை வதக்கி, அடுப்பைக் குறைத்து மிளகாய்த் தூளைச் சேர்க்க வேண்டும். தூள் கருகினால் கசக்கும்.
5. இதனைப் பருப்பில் கொட்டி ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, கொத்துமல்லி இலை தூவி இறக்க வேண்டும்.

கடுகு, கறிவேப்பிலை, புளி ஆகியன இதில் இடம்பெறுவதில்லை. அவற்றைச் சேர்த்தால் சுவை சாம்பாரை நோக்கிச் செல்லும். கொங்கு நாட்டுப் பருப்புக் கடைசலில் பருப்பைக் கடைவதே முதன்மை; பஞ்சாபித் தாலில் தாளிப்பே முதன்மை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செய்முறை: முழு உளுந்துத் தால்

1. முழு உளுந்து 150 கிராம், ராஜ்மா 50 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே 8 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். கோடையில் வெளியில் வைத்தால் நீர் நுரைத்துப் புளிக்கக்கூடும். எனவே இடையில் நீரை மாற்ற வேண்டும் அல்லது குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.
2. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் ராஜ்மாவை 10 நிமிடம் நன்கு கொதிக்க விட வேண்டும்.
3. உளுந்தையும் சேர்த்து, ஆறு குவளை நீர் ஊற்றி, முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் வேகவைக்க வேண்டும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும்.
4. நெய்யில் இஞ்சி, பூண்டு விழுதை வதக்கி, அரைத்த தக்காளியும் மிளகாய்த் தூளும் உப்பும் சேர்த்து வற்ற விட்டுப் பருப்பில் கலக்க வேண்டும்.
5. சிறு தீயில் ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறிக் கொதிக்க விட்டு, சிறிது வெண்ணெயும் உலர்ந்த வெந்தய இலையும் சேர்த்து இறக்க வேண்டும்.

செய்முறை: ரொட்டி

கோதுமையில் உள்ள குளூட்டெனின், கிளையடின் என்னும் புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டன் என்னும் பசையம் ஆகின்றன. மாவு இழுபடுவதற்கும் ஆவியை உள்ளே அடக்கி உப்புவதற்கும் இதுவே காரணம். கல் இயந்திரத்தில் அரைத்த மாவில் மாவுச்சத்துத் துகள்கள் அதிகம் உடைபடுவதால் அது நீரை மிகுதியாக ஈர்க்கும். ரொட்டியும் மென்மையாக இருக்கும்.

1. மாவு 250 கிராமுக்குச் சுமார் 165 மில்லிலிட்டர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். பூரி மாவைவிட இது தளர்வாக இருக்க வேண்டும். ரொட்டி விறைப்பாவதற்குப் பெரும்பாலும் நீர் குறைவே காரணம்.
2. ஐந்து முதல் எட்டு நிமிடம் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். இந்நேரத்தில் தவிடு நீரை உறிஞ்சும், பசையம் தளரும்.
3. பத்து உருண்டைகளாக்கி, ஓரமும் நடுவும் ஒரே தடிமனாகத் தேய்க்க வேண்டும். தடிமன் சீராக இல்லாவிடில் ரொட்டி உப்பாது.
4. கல் நன்கு காய்ந்த பின் இட்டு, மேற்புறம் நிறம் மாறியவுடன் (சுமார் 20 நொடி) திருப்ப வேண்டும். மறுபுறம் சிறு புள்ளிகள் விழும் வரை விட வேண்டும்.
5. பின்னர் இடுக்கியால் எடுத்து நேரடித் தீயில் காட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ரொட்டி பந்து போல் உப்பும்.
6. நெய் தடவித் துணி விரித்த பாத்திரத்தில் அடுக்கி மூட வேண்டும்.

மின்தூண்டல் அடுப்பில் தீச்சுடர் இல்லாததால், கல்லிலேயே மடித்த துணியால் ஓரங்களை மெதுவாக அழுத்தி உப்ப வைக்கலாம். அன்றாடம் தோசை வார்க்கும் எண்ணெய்ப் பதமான கல்லில் புல்கா சுட்டால் எண்ணெய் புகையும். பின்னர் தோசையும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ரொட்டிக்குத் தனி இரும்புக்கல் வைத்துக்கொள்வது நல்லது.

தந்தூர் இல்லாத வீட்டில், சற்றுத் தடித்த ரொட்டியின் ஒரு புறம் நீர் தடவி, அப்புறத்தை இரும்புக்கல்லில் ஒட்ட வேண்டும். பின்னர் கல்லைக் கைப்பிடியுடன் கவிழ்த்துத் தீயில் காட்டித் தந்தூரி ரொட்டி போன்று சுடலாம். ஒட்டாத பூச்சுக் கொண்ட கல்லில் இம்முறை பயன்படாது.

பாதுகாப்பு

ராஜ்மாவில் பைட்டோயீமக்குளூட்டினின் என்னும் நச்சுப் புரதம் உள்ளது. வேகாத விதைகளை உண்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, நீரை மாற்றி, கொதிநிலையில் 10 நிமிடமேனும் வேகவைத்தால் இது அழிந்துவிடும். சுமார் 80 பாகை செல்சியசு வெப்பத்தில் மட்டும் வேகவைத்தால் நச்சுத்தன்மை குறையாமல் கூடவும் செய்யும். எனவே தணலில் இரவு முழுவதும் வைக்கும் மரபு முறையையோ, மெதுவாகச் சமைக்கும் மின்கலனையோ பயன்படுத்துவோர் முதலில் நன்கு கொதிக்க வைப்பது கட்டாயமாகும்.

துவரம் பருப்பிலும் கடலைப்பருப்பிலும் மலிவான கேசரிப் பருப்பு கலப்படம் செய்யப்படுவதுண்டு. இதனைத் தொடர்ந்து மிகுதியாக உண்போருக்குக் கால்களை முடமாக்கும் இலத்திரிசம் என்னும் நரம்பு நோய் வரக்கூடும். இந்தியாவில் 1961 இல் இதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. துவரம் பருப்பு வட்டமாக இருக்கும். கேசரிப் பருப்பு ஆப்பு வடிவில், சாய்ந்த விளிம்புடன் காணப்படும்.

ஊட்டச்சத்து

கோதுமையின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. அரிசியும் பருப்பும் சேர்ந்த உணவுக்கும் இது பொருந்தும்.

100 கிராம் பருப்பில் 22 முதல் 25 கிராம் வரையிலும், 100 கிராம் முழுக் கோதுமை மாவில் சுமார் 12 கிராமும் புரதம் உள்ளது. மேற்கூறிய அளவில் மூன்று ரொட்டியும் (75 கிராம் மாவு), 50 கிராம் பருப்பும் உண்பவருக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். எனவே ஒரு வேளை உணவே நாள் தேவையில் ஐந்தில் இரு பங்கை ஈடு செய்கிறது. பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சைச் சாறு உதவும். உணவுடன் தேநீர் அருந்துவது தடுக்கும்.

நீரிழிவு நோயாளிகள் இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி உண்ண வேண்டும் என்னும் கருத்து தமிழகத்தில் பரவலாக உள்ளது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்தும், 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 69 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. வேறுபாடு சிறியது. முழுக் கோதுமையின் நார்ச்சத்து ஓரளவு உதவினாலும், எண்ணிக்கையின்றிச் சப்பாத்தி உண்பதால் பயனில்லை. உருளைக்கிழங்குக் குருமாவுடன் ஐந்து சப்பாத்தி உண்பதைவிட, கெட்டியான பருப்பும் காய்கறியும் சேர்த்து இரண்டு சப்பாத்தி உண்பது இரத்தச் சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும். மருந்து உட்கொள்வோர் உணவை மாற்றும் முன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் கோதுமையை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குச் சோளம், கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றின் ரொட்டி ஏற்றது. இம்மாவுகளில் பசையம் இல்லாததால், கொதிநீர் விட்டுப் பிசைந்து கையால் தட்டிச் சுட வேண்டும்.

உள்ளூர் மாற்றுகள்

கொங்குப் பகுதியில் விளையும் கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை ஆகியவற்றையும் இதே முறையில் சமைக்கலாம். கொள்ளு முழு உளுந்தைப் போலவே நீண்ட நேரம் ஊறவும் வேகவும் வேண்டியது. ராஜ்மா கிடைக்காத இடங்களில் தட்டைப்பயறு அதற்கு மாற்றாகும். பாலேட்டுக்குப் பதிலாக, வெந்த உளுந்தில் ஒரு கரண்டி எடுத்து அரைத்துச் சேர்த்தால் அதே கெட்டித்தன்மை கிடைக்கும். தமிழகத்தில் 2007 முதல் செயல்பட்டு வரும் சிறப்புப் பொது வழங்கல் திட்டத்தின் கீழ் நியாய விலைக் கடைகளில் துவரம் பருப்பு மானிய விலையில் வழங்கப்படுவதால், மஞ்சள் தால் குறைந்த செலவில் சமைக்கக்கூடிய உணவாக உள்ளது.